வாக்கியத்தை உடைத்துப் பாருங்கள்!

2015-ம் ஆண்டு ஏப்ரல் 7-ம் தேதி, ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அத்தனை பேரும் தமிழ்நாட்டு ஏழைகள். ஜவ்வாது மலையிலிருந்து போன பழங்குடி மக்களும் அவர்களில் உண்டு. போலீஸ் தரப்பு சொன்னதன் சாரம் இதுதான்: செம்மரக் கடத்தல்காரர்கள் போலீசைத் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டதில் மாண்டார்கள்.

கேட்பதற்கு ஒரே பேச்சு. ஆனால் அதற்குள் எத்தனை சங்கதிகள் மூட்டை கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன! மூட்டையை அவிழ்க்காமல் தலையில் ஏற்றிக்கொண்டால், சுமப்பது அரிசியா, மண்ணா என்றே நமக்குத் தெரியாது.

மூட்டையை அவிழ்க்கும் வித்தை ஒன்று தத்துவத்தில் உண்டு. தர்க்க அணுவாதம் என்று அதற்குப் பெயர். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். அணுகுண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சொல்லப்போனால், 1955-ல் விஞ்ஞானி ஐன்ஸ்டீனோடு சேர்ந்து அணு ஆயுதத்தை எதிர்த்து அறிக்கை விட்ட பெர்ட்ரண்ட் ரஸ்ஸல்தான் இந்தத் தத்துவத்துக்குப் பெயர் வைத்தவர். முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1918-ம் ஆண்டின் தொடக்கத்தில் லண்டனில் இதைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். யுத்தத்தை எதிர்த்து எழுதியதற்காக அதே ஆண்டில் சிறைக்கும் போனார். அவர் கம்யூனிஸ்ட் அல்ல. 1920-ல் ருஷ்யா சென்று லெனினை நேரில் கண்டு, திரும்பி வந்து புரட்சியைக் குறை சொல்லி எழுதியவர். இருந்தாலும் நல்ல கருவி யார் பட்டறையில் அடித்தது என்று பார்த்தா உழைப்பாளி கையில் எடுக்கிறான்?

அவர் சொன்னது என்ன? உலகம் தனித்தனி உண்மைகளால் ஆனது. பெரிய வாக்கியங்களெல்லாம் 'மற்றும்', 'அல்லது', 'இருந்தால்' போன்ற சொற்களால் கட்டப்பட்டவை. கட்டை அவிழ்த்துக்கொண்டே போனால், மேற்கொண்டு உடைக்க முடியாத சின்ன வாக்கியங்கள் கிடைக்கும். அவை ஒவ்வொன்றையும் தனியாக எடுத்து, மெய்யா பொய்யா என்று சோதிக்க வேண்டும்.

1905-லேயே அவர் ஒரு வேடிக்கையான உதாரணம் காட்டினார். பிரான்சு தேசத்தின் இன்றைய ராஜா வழுக்கைத் தலையர் என்று ஒருவன் சொல்கிறான். வழுக்கையா இல்லையா என்று நாம் வாதாடத் தொடங்கினால் ஏமாந்தோம். பிரான்சில் ராஜாவே இல்லை! 'ராஜா ஒருவர் இருக்கிறார்' என்ற பொய் அந்தப் பேச்சுக்குள் ஒளிந்திருக்கிறது.

நம் மில்களில் இது தினமும் நடக்கிறது. 'உமது அஜாக்கிரதையால் இழைகள் அறுந்து உற்பத்தி நஷ்டமானதற்கு விளக்கம் தருக' என்று ஓலை வருகிறது. உடைத்துப் பாருங்கள். இழை அறுந்ததா? ஆம். உற்பத்தி குறைந்ததா? ஆம். அஜாக்கிரதை இருந்ததா? அதை யார் நிரூபித்தது? பஞ்சு மட்டமாக இருந்தாலும் இழை அறும். டிராவலர் தேய்ந்தாலும் அறும். காற்றில் ஈரப்பதம் குறைந்தாலும் அறும். 'மன்னிக்கவும்' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால், இரண்டு மெய்யோடு ஒரு பொய்யையும் ஒப்புக்கொண்டவர்கள் ஆகிறோம்.

இனி சேஷாசலத்துக்கு வருவோம். 20 பேர் இறந்தார்கள்: யாரும் மறுக்கவில்லை. அவர்கள் போலீசைத் தாக்கினார்கள்: இது தனியாக நிரூபிக்க வேண்டிய சங்கதி. போகும் வழியில் பஸ்ஸிலிருந்து கூட இருந்தவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று, தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சொன்னார்கள். தற்காப்புக்காகச் சுட்டார்கள்: இது இன்னொரு சங்கதி. கடத்தல்காரர்கள்: பிரான்சு ராஜாவைப் போல, நிரூபிக்காமலே உள்ளே நுழைந்த சொல் இது!

இங்கே ரஸ்ஸலின் இன்னொரு பாடமும் உதவுகிறது. உண்மைகளில் இரண்டு வகை உண்டு. ஒரு பொருளுக்கு ஒரு குணம் இருப்பது ஒரு வகை: இவன் கையில் கோடாரி இருக்கிறது. இருவருக்கிடையே உறவு இருப்பது மற்றொரு வகை: இவனுக்கு அவன் முன்பணம் கொடுத்தான். உறவும் பொருளைப் போலவே மெய்யானது என்று ரஸ்ஸல் வாதாடினார். போலீசின் பேச்சில் கோடாரி இருக்கிறது. முன்பணம் கொடுத்த கை இல்லை. மரம் வெட்டியவன் இருக்கிறான். வெட்டச் சொன்னவன் இல்லை, வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பியவன் இல்லை. ஏன் விட்டுப்போயிற்று என்று கேட்பதே பாதி நியாயம்.

ஆனால் இந்தத் தத்துவத்தோடு நாம் நின்றுவிட முடியாது. ரஸ்ஸலின் மாணவர் விட்கன்ஸ்டைன் 1921-ல் வெளிவந்த தம் நூலில் இதை எல்லை வரை கொண்டுபோனார். அடிப்படை உண்மைகள் ஒன்றோடொன்று ஒட்டாதவை. ஒன்றை வைத்து மற்றொன்றை ஊகிக்க முடியாது என்றார். அப்படியானால், வானம் பார்த்த மலை நிலத்தில் சாமை பொய்த்ததும், மலையில் வேலை இல்லாததும், மலைவாசி ஆந்திரக் காட்டுக்குப் போனதும் வெறுமனே பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் மூன்று கற்கள்தானா? பசித்தவன் யாரும் இதை ஒப்பமாட்டான். விட்கன்ஸ்டைனே 1929-ல் தடுமாறினார். ஓரிடம் முழுக்கச் சிவப்பாக இருந்தால் அதே இடம் பச்சையாக இருக்க முடியாது. ஆகவே உண்மைகள் ஒன்றையொன்று தொடாமல் இல்லை என்று கண்டார். பிறகு அந்தக் கொள்கையையே கைவிட்டார்.

ஆகவே உடைப்பது முதல் வேலை; கோப்பது இரண்டாவது வேலை. உடைக்காமல் கோப்பவன் மயங்குவான். 'மில் ஒரே குடும்பம்' என்று நிர்வாகம் சொல்லும்போது தலையாட்டுவான். உடைத்துவிட்டுக் கோக்காதவன் கையில் துண்டுகள்தான் மிஞ்சும். கோடாரியைக் காண்பான், பசியைக் காணமாட்டான்.

இதே ஜவ்வாது மலையில் காவலூரில் ஒரு வானாய்வுக்கூடம் இருக்கிறது. 1986-ல் அங்கே 2.3 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி திறக்கப்பட்டது. நட்சத்திரத்தின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, கோடு கோடாக அங்கே ஆராய்கிறார்கள். ஆனால் கோடுகளை எண்ணிவிட்டு எவரும் தூங்கப் போவதில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் படித்து, நட்சத்திரம் எதனால் ஆனது, எவ்வளவு வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது அல்லது விலகுகிறது என்று சொல்கிறார்கள். எத்தனையோ கோடி மைல் தூரத்து நட்சத்திரத்துக்குக் கிடைக்கும் இந்த நியாயம், அதே மலையின் மனிதனுக்குக் கிடைக்க வேண்டாமா?

தோழர்களே! அடுத்த முறை ஓலை வந்தாலும், கூலிக் கணக்கு வந்தாலும், பத்திரிகையில் செய்தி வந்தாலும் கையெழுத்துப் போடுமுன், தலையாட்டுமுன் உடைத்துப் பாருங்கள். எது மெய், எது நிரூபிக்காமல் நுழைந்தது, யாருடைய பெயர் விட்டுப்போயிற்று என்று கேளுங்கள். பிறகு துண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். கேள்வி கேட்கத் தெரிந்தவனை எளிதில் ஒரு சொல்லால் கொன்றுவிட முடியாது.