துறை கடக்கும் பிள்ளைகள்

பாடசாலையின் எல்லை அதன் மதிலோடு முடிகின்றது என நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். வாயிலைக் கடந்து உள்ளே வந்த பிள்ளைக்கே நாம் பொறுப்பாளர். வரும் வழியில் நேர்வது பெற்றோர் பாடு, ஊரார் பாடு என்பது ஆசிரிய உலகின் எழுதா விதியாகி விட்டது. திருகோணமலை போன்று நீர் சூழ்ந்த மாவட்டத்திலே அவ்விதி எத்துணைக் கொடியது என்பதை 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாட் காலை காட்டிற்று.

கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியிலே புதுப் பாலம் அமைக்கும் பொருட்டுப் பழைய வழி மூடப்பட்டிருந்தது. மக்கள் படகுப் பாதையொன்றில் ஏறி நீரைக் கடந்து வந்தனர். பாடசாலை செல்லும் வேளையிற் பிள்ளைகளும் பெரியோருமாக ஏறிய அப்பாதை கவிழ்ந்தது. அன்றே அறுவர் மாண்டனர். அவருள் நால்வர் பாடசாலைப் பிள்ளைகள்.

கொட்டியாரக் குடாவும் தம்பலகாமக் குடாவும் மகாவலியின் கழிமுகமும் பின்னிக் கிடக்கும் இந்நிலத்திலே படகுப் பாதை புதிதன்று. திருகோணமலையிலிருந்து மூதூருக்குத் தரைவழி செல்வோர் முன்னாளிற் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்னும் துறைகளிலே காத்துக் கிடந்ததை மூத்தோர் அறிவர். 2009ஆம் ஆண்டிலே 396 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபோது அக்காலம் கழிந்ததென்று மகிழ்ந்தோம். பெருந்தெருவுக்குப் பாலம் வந்தது மெய்யே. பிள்ளைகள் நடக்கும் சிறு தெருவுக்கோ, பன்னீராண்டின் பின்னும் கவிழக்கூடிய ஒரு பாதைதான் கிடைத்தது! பாலத்தை மூடுமுன் தகுந்த மாற்றுவழி வேண்டும் என்பதை அறியப் பொறியியல் கற்றிருக்க வேண்டுமா? குற்றம் எவருடையது என்பதை நீதிமன்றம் ஆராயட்டும். யாம் ஈண்டுப் பேசப் புகுந்தது நம் பங்கைப் பற்றி.

பல்லாண்டுகட்கு முன் யான் பணியாற்றிய ஒரு பாடசாலைக்கு வள்ளத்தில் வரும் சிறுவன் ஒருவன் இருந்தான். வாடைக் காற்று வீசிய ஒரு நாள் பிந்தி வந்தான். பிந்தினோரை வாயிலில் நிறுத்துவது வழக்கமாதலின் அவனையும் நிறுத்தினேன். மறுநாள் மணியடிக்குமுன்பே வந்துவிட்டான். முதல் வள்ளம் நிறைந்திருந்ததாம். விளிம்பைப் பற்றிக் கொண்டு வந்தானாம். அதனை அவன் பெருமையோடு சொன்னான். யானும் பாராட்டினேன். அப்பாராட்டை நினைக்குந்தோறும் இன்றும் உள்ளம் கூசுகின்றது.

கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை பிரம்பைக் கீழே வைக்கச் சொல்லிற்று. வாயிலில் நிறுத்தும் வழக்கத்தையும் நாமே கைவிடல் வேண்டும். நீர் கடந்து வரும் பிள்ளைக்கேனும் மாரிக்காலத்தில் அரைமணி நேரம் விட்டுக் கொடுத்தலால் எந்தப் பாடமும் குடிமுழுகிப் போகாது. துறையிலே காலையும் மாலையும் ஓர் ஆசிரியர் நிற்றலும், உயிர்காப்பு அங்கி இன்றி எவரையும் ஏற்றாதிருத்தலும், வழியொன்றை மூடுமுன் அதிபருக்கு அறிவித்தலும் அரிய செயல்களல்ல.

இன்னொன்று. துறைமுகத்தாற் பெயர் பெற்ற இம்மாவட்டத்திலே நீந்தக் கற்பிக்கும் பாடசாலைகள் எத்தனை? 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது. பள்ளிச் சிறார்க்கு நீச்சல் கற்பிக்குமாறும் அது வலியுறுத்துகின்றது. பெண் பிள்ளைகட்குப் பெண் பயிற்றுநரை அமர்த்தினாற் பெற்றோரும் தடை சொல்லார்.

பிழைத்துக் கரையேறிய பிள்ளையை நாம் மறத்தலாகாது. தன் அருகிருந்த தோழி நீரில் அமிழக் கண்ட சிறுமி, சில நாளில் அதே நீரைக் கடந்து, வெறுமையான இருக்கையின் பக்கத்திலே வந்து அமர்கின்றாள். கரும்பலகையை அவள் பார்க்கவில்லை என்று அதட்டுமுன், அவள் எதனைப் பார்த்துக் கொண்டிருக்கின்றாள் என எண்ணிப் பார்ப்போமா? அவளோடு தனியே அமர்ந்து பேச ஓர் ஆசிரியர் வேண்டும். தேர்வு வரும்வரை அன்று, அவள் வேண்டுமட்டும்.

நம் வரவு இடாப்பிலே பிள்ளையின் பெயருண்டு, பிறந்த நாளுண்டு, முகவரியுண்டு. எவ்வழியால் வருகின்றாள் என்பதற்குக் கட்டமில்லை. அடுத்த இடாப்பை எழுதும்போது அக்கட்டத்தைக் கையால் வரைந்து, வாடை தொடங்குமுன் ஒவ்வொருவரையும் கேட்டு நிரப்பும்படி ஆசிரிய அன்பர்களை வேண்டுகின்றோம்.