உருக்காலை மண்ணில் ஒரு கோல்ஃப் திடல்

ஒரு தொழில் மறைந்த பின்னர் அதன் பெயரை எங்கே நிலைநிறுத்துவது என்பது எளிய வினாவன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மொன்டானா மாநிலத்திலுள்ள அனகோண்டா என்னும் சிற்றூர் அதனைக் கோல்ஃப் திடலில் நிறுத்தியிருக்கிறது. 'ஓல்ட் வொர்க்ஸ்', அதாவது 'பழைய ஆலை' என்பதே திடலின் பெயர். பந்தை முதலில் அடிக்கும் 'டீ' மேடைகளுக்கும் அவ்வட்டாரத் தொழில்மரபிலிருந்தே பெயர் எடுத்துள்ளனர். இதனை வெற்று அலங்காரம் என்று ஒதுக்குவோர் உளர். யாம் அவ்வாறு கருதவில்லை. ஆயின், 'தொழில்மரபு' என்னும் சொல்லுள் எவையெவை அடங்கும் என்று கேட்டாக வேண்டும்.

அயர்லாந்திலிருந்து குடியேறிய மார்கஸ் டேலி 1883-இல் இவ்வூரை நிறுவினார். அண்மையிலுள்ள பியூட் நகரச் சுரங்கங்களின் செம்புத்தாது இங்கே உருக்கப்பட்டது. உலகம் மின்கம்பிகளால் பின்னப்படத் தொடங்கிய காலம் அது. செம்புக்குத் தேவை பெருகிற்று. 1902-இல் பள்ளத்தாக்கின் மறுபுறம் வாஷோ என்னும் பேராலை எழுந்தது. பழைய ஆலை மூடப்பட்டது. தாதுவிலிருந்த ஆர்செனிக் நஞ்சு புகையோடு பரவிற்று, கால்நடைகள் மடிந்தன. உழவர்கள் 1905-இல் வழக்குத் தொடுத்தனர். 1909-இல் தீர்ப்பு நிறுவனத்தின் பக்கமே சாய்ந்தது. பின்னர் எழுப்பிய 585 அடிப் புகைபோக்கி இன்றும் நிற்கிறது. 1980-இல் அந்த ஆலையும் நின்றது. ஊரை ஊட்டிய வேலை ஒரே அறிவிப்பில் போயிற்று. நஞ்சு மட்டும் போகவில்லை!

1983-இல் நடுவண் அரசு அவ்விடத்தைத் தூய்மைப்படுத்த வேண்டிய நச்சுநிலங்களின் பட்டியலில் சேர்த்தது. மாசுற்ற மண்ணை முழுவதும் அள்ளிச் செல்லுதல் அரிது. எனவே அதன்மேல் நன்மண் பரப்பி, நீர் கீழிறங்காவண்ணம் வடிகால் அமைத்து, பழைய ஆலை இருந்த இடத்தில் 1997-இல் திடலைத் திறந்தனர். வடிவமைத்தவர் புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஜாக் நிக்லஸ். செலவை ஏற்றது, செம்பு நிறுவனத்தை 1977-இல் வாங்கிய எண்ணெய் நிறுவனம். மணற்குழிகளில் வெண்மணலுக்கு மாறாக உருக்குக் கசடைக் கரிய பொடியாக இட்டுள்ளனர். எமக்கு மிகவும் பிடித்த செய்தி இதுவே. பெயர்ப்பலகையைப் படியாமலே கடந்து போகலாம். கரிய குழியில் விழுந்த பந்தை எடுக்கச் செல்பவன் எதன்மேல் நிற்கிறோம் என்பதை அறியாதிருக்க முடியாது.

இனி, மற்றொரு பெயர். ஆலையின் அருகே மில் கிரீக் என்றொரு குடியிருப்பு இருந்தது. அங்குள்ள குழந்தைகளின் உடலில் ஆர்செனிக் மிகுந்திருந்தமையால் 1980-களின் பிற்பகுதியில் குடும்பங்கள் அனைத்தும் நிலையாக அகற்றப்பட்டன. வழக்கில் தோற்ற உழவர்களும் இவ்வரலாற்றின் மாந்தரே. செம்பும் கசடும் தொழில்மரபு எனில், அத்தொழில் கொண்டுபோன வீடுகளும் தொழில்மரபே அல்லவா? ஊரின் வீட்டுமனைகளில் மண்ணை மாற்றும் பணி பல்லாண்டுகள் நீடித்தது. நிறுவனம் எஞ்சிய கடமைகளை முடிக்கும் உடன்படிக்கை 2022-இல்தான் அறிவிக்கப்பட்டது. நடந்துகொண்டிருப்பதற்கு நினைவுச்சின்னம் எழுப்புவது விந்தையே.

வேலையிழந்தோர்க்கு ஆட்டத்திடல் ஈடாகாது. அதனை ஊரார் நம்மினும் நன்கறிவர். எனினும் திடல் ஊராட்சியின் உடைமை. கட்டணம் செலுத்தி எவரும் ஆடலாம். அத்தகைய பொதுவிடத்தில், புகைபோக்கி கண்ணுக்குத் தெரியும் ஒரு மேடைக்கு மில் கிரீக் என்று பெயரிடுவதற்குப் பெருஞ்செலவு ஏதும் ஆகாது. ஒரு பலகையும் அதில் அவர்கள் புறப்பட்ட ஆண்டும் போதும்.