சீனி போட்டதைச் சொல்லும் சட்டம்: ஐரோப்பிய வைன் விதியும் எங்கள் கள்ளுப் போத்தலும்

2025 பங்குனியில் பிரான்சின் அல்சாஸ் பகுதிக்குப் போயிருந்தேன். அத்தான் அங்கே ஒரு சிறிய முந்திரிகைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் வைன் செய்யும் இடம். களஞ்சியத்தின் மூலையில் கட்டுக்கட்டாக லேபிள்கள் கிடந்தன. புதிதாக அச்சடித்தவை, ஆனால் புது வைனில் ஒட்ட முடியாதவை.

காரணம் ஒரு எழுத்து. ஐரோப்பிய ஒன்றியம் 2021 டிசம்பரில் நிறைவேற்றிய சட்டத்தின்படி, 2023 டிசம்பர் 8இற்குப் பிறகு உற்பத்தியாகும் வைனில் என்னென்ன சேர்ந்திருக்கிறது, எவ்வளவு சக்தி உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். கலோரி அளவும் ஒவ்வாமை தரக்கூடியவையும் போத்தலிலேயே இருக்க வேண்டும். மற்றதைக் கியூஆர் குறியீட்டின் பின்னால் வைக்கலாம். முதலாளி முன்யோசனையாக 2023 கோடையிலேயே அச்சடித்துவிட்டார். குறியீட்டின் மேல் 'ஐ' என்ற எழுத்து மட்டும். நவம்பர் 24ஆம் திகதி, விதி நடைமுறைக்கு வர இரண்டு கிழமை இருக்கையில், ஆணைக்குழுவின் வழிகாட்டல் வந்தது: 'ஐ' போதாது, 'சேர்மானங்கள்' என்ற சொல்லே இருக்க வேண்டும். மில்லியன் கணக்கான லேபிள்கள் ஏற்கெனவே அச்சாகியிருந்தன. உற்பத்தியாளர் சங்கங்கள் கூச்சல் போட்ட பிறகு சில மாத அவகாசம் கிடைத்தது. இவர் பழைய இருப்புப் போத்தல்களுக்கு ஒட்டியது போக மிச்சம்தான் அந்த மூலையில் கிடந்தது.

இதில் முதலாளி பக்கம் மட்டும் நியாயம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. சட்டம் இரண்டு வருடம் நேரம் கொடுத்தது. பிஸ்கட் பைக்கற்றில் எழுதியிருப்பதை வைன் போத்தலில் மட்டும் ஏன் மறைக்க வேண்டும்? அந்தக் கியூஆர் பக்கத்தில் விளம்பரம் போடக்கூடாது, வாசிப்பவரின் தரவைச் சேகரிக்கவும் கூடாது என்ற நிபந்தனை ஊடகம் படித்தவள் என்ற வகையில் எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் சுமை எல்லார் தோளிலும் ஒரே மாதிரி ஏறுவதில்லை. ஒவ்வொரு வைனுக்கும், ஒவ்வொரு வருட அறுவடைக்கும் தனிக் கணக்கு. ஆய்வுகூட முடிவை வைத்துக் கலோரி கணக்கிட வேண்டும். பெரிய கம்பனியில் அதற்கென்று ஒரு பிரிவே இருக்கும். இங்கே முதலாளியின் மகள், இரவுச் சாப்பாடு முடிந்தபின் அதே மேசையில் இருந்து செய்கிறாள். விற்கும் நாட்டு மொழியில் அந்தச் சொல் இருக்க வேண்டும் என்பதால் ஜெர்மனிக்குப் போகும் போத்தலுக்கும் ஒரு யோசனை தேவை. சொல்லுக்குப் பதிலாக எல்லா மொழிக்கும் பொதுவான குறியீடு என்ற யோசனையை ஆணைக்குழு 2025இல்தான் முன்வைத்தது.

முதலாளியை உண்மையில் உறுத்தியது வேறு. பழத்தில் இனிப்புக் குறையும் வருடங்களில், நொதிக்கும்போது கொஞ்சம் சீனி சேர்ப்பது அந்தக் குளிர்ப் பகுதியில் சட்டம் அனுமதித்த பழைய வழக்கம். இப்போது அது பட்டியலில் வருகிறது.

"அவற்றை தகப்பனும் போட்டவராம், அப்ப ஒருத்தரும் கேக்கேல்லையாம். இப்ப இருவது வருசமா வாங்கிற ஆக்களே கேக்கினமாம், நீயும் சீனி போடுறனியோ எண்டு," அத்தான் மொழிபெயர்த்தார்.

அந்த மனிதர் சிரிக்கவில்லை. ஏமாற்றியவரைப் போல நிற்க வேண்டியிருப்பதுதான் அவருக்கு வலி.

திரும்பும் வழியில் பரிஸ் லா சப்பலில் எங்கள் கடையொன்றில் இலங்கைப் பனங்கள்ளுப் போத்தலை எடுத்துப் பார்த்தேன். சேர்மானப் பட்டியல் இல்லை. குற்றமும் இல்லை. ஐரோப்பியச் சட்டத்தில் வைன் என்றால் முந்திரிகையில் செய்தது மட்டும்தான். 1.2 வீதத்துக்கு மேல் மதுசாரம் உள்ள ஏனைய பானங்களுக்குப் பழைய விலக்கு இன்னும் இருக்கிறது. பியருக்கும் சாராயத்துக்கும் கள்ளுக்கும் அதுதான்.

அது எவ்வளவு காலத்துக்கு? அயர்லாந்து 2023இல் எல்லா மதுபானத்துக்கும் புற்றுநோய் எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. 2026இல் தொடங்கவிருந்ததை 2028க்குத் தள்ளிப் போட்டிருக்கிறது. அமெரிக்கா 2025 ஜனவரியில் பியர், சாராயம் உட்பட எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு யோசனையை வெளியிட்டது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது தெரிகிறது.

அந்த விதி கள்ளுக்கும் வரும் நாளில், காலையில் இறக்கும் கள்ளுக்கும் மாலைக் கள்ளுக்கும் யார் கணக்குப் போடுவார்? அல்சாஸ் முதலாளிக்குப் பிரசெல்ஸ்வரை போய்க் கத்த ஒரு சங்கம் இருந்தது, கத்தி அவகாசமும் வாங்கியது. எங்களிடமும் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன, யுத்தம் தின்றது போக எஞ்சிய பனைகளையும் எஞ்சிய தொழிலாளரையும் வைத்துக்கொண்டு. ஆனால் மரமேறுபவர் கள்ளை அளந்து கொடுத்தபின், போத்தலில் என்ன எழுதப்படுகிறது என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. ஏற்றுமதிச் சந்தையின் விதிகளைத் தமிழில், அவர்களுக்கு விளங்கும்படி, மாறும்போதே சொல்லும் ஏற்பாடு இப்போதே தொடங்க வேண்டும். இரண்டு கிழமைக்கு முன் கடிதம் வந்தால் அதைத் தாங்க எங்களிடம் களஞ்சியமும் இல்லை.

முதலாளியின் மகள் ஒரு போத்தல் தந்துவிட்டாள். யாழ்ப்பாணத்தில் வீட்டு மேசையில் வைத்துத் தொலைபேசியால் குறியீட்டை ஸ்கான் செய்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முந்திரிகை, சீனி, சல்பைற்.

"சீனியும் போடுறவையோ?" என்று கேட்டா அம்மா.