தொண்டையைப் பாராத வைத்தியம்

பாமன்கடையில் மாலை ஆறு மணிக்கு மேல் தனியார் வைத்திய நிலையமொன்றின் வாங்கில் அமர்ந்திருப்பவருக்கு ஓர் உண்மை விளங்கும். காய்ச்சல், தொண்டை நோ என்று உள்ளே செல்லும் பிள்ளைகளுள் அநேகர் ஒரே விதமான துண்டுடனேயே வெளியே வருகின்றனர். பனடோல் பாணி, அமொக்சிசிலின் பாணி, குறையாவிட்டால் மூன்று நாள் கழித்து வாருங்கள். அண்மையில் பேரப்பிள்ளையுடன் அவ்வாறு காத்திருந்தேன். எமது முறை வந்தபோது வைத்தியர் பிள்ளையை வாய் திறக்கச் சொல்லவில்லை. இருமல் உண்டா என வினவவில்லை. கழுத்தைத் தொட்டுப் பார்க்கவுமில்லை. துண்டு மட்டும் உடனே வந்தது. தனியொரு வைத்தியரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. நகரெங்கும் வழக்கமாகிவிட்ட ஒரு முறையையே கேள்விக்குள்ளாக்குகிறேன்.

பிள்ளைகளின் தொண்டை நோவில் பெரும்பகுதி வைரசினால் வருவது. அதற்கு நுண்ணுயிர்க்கொல்லி எதுவும் செய்யாது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே 'ஏ' பிரிவு ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்னும் பக்டீரியாவினால் ஏற்படுகிறது. அதுவும் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். எனினும், 5 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகள் சிலரை, இரண்டு மூன்று வாரங்களின் பின் ருமாட்டிக் காய்ச்சல் எனப்படும் வாதக்காய்ச்சல் பீடிக்கிறது. மூட்டு வீக்கம் மாறிவிடும். இருதய வால்வில் விழுந்த தழும்பு மாறாது. பல பெண்களுக்கு அது கர்ப்பகாலத்திலேயே தெரியவருகிறது. உலகில் 5 கோடியே 50 இலட்சம் பேர் வரையில் இவ்விருதய நோயுடன் வாழ்வதாக உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. அந்நோயைத் தடுக்க வேண்டுமென உலக சுகாதாரப் பேரவை 2018இல் தீர்மானமும் நிறைவேற்றியது. இலங்கையில் இந்நோய் முன்னரிலும் குறைந்துள்ளது, அற்றுப்போகவில்லை.

இதனைத் தடுக்கும் மருந்து பழைய பெனிசிலினே. பாவனைக்கு வந்து 80 ஆண்டுகள் கடந்தும் இக்கிருமி அதற்கு எதிர்ப்பாற்றல் பெறவில்லை. நோய் தொடங்கி 9 நாட்களுக்குள் ஆரம்பித்து, நியமப்படி 10 நாட்கள் கொடுத்தால் வாதக்காய்ச்சலை பெரும்பாலும் தவிர்க்கலாம். பத்து நாள் கொடுக்க இயலாதவர்க்கு பென்சதீன் பெனிசிலின் ஊசி ஒன்றே போதும்.

ஆகவே இன்றைய வழக்கம் இரு பக்கமும் பிழைக்கிறது. வைரஸ் தொற்றிய பிள்ளை வீணே மருந்தை விழுங்குகிறது. அதன் உடலிலுள்ள ஏனைய கிருமிகள் எதிர்ப்பாற்றலைக் கற்றுக்கொள்கின்றன. மருந்து உண்மையிலேயே தேவைப்படும் பிள்ளையோ மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் போத்தலை மூடி வைத்துவிடுகிறது. பத்து நாள் ஏன் அவசியம் என்பதை அதன் தாய்க்கு எவரும் சொல்லவில்லை.

"ஏழை நாடு, வசதியில்லை" என்பது வழமையான பதில். 1981இல் அமெரிக்க வைத்தியர் ரொபேட் சென்ரரும் அவரது சகாக்களும் வகுத்த நான்கு குறிகளுக்கு எந்த இயந்திரமும் வேண்டாம். காய்ச்சல், டொன்சிலில் வெண்படலம், முன்கழுத்து நெறிகளில் வீக்கமும் நோவும், இருமல் இல்லாமை என்பனவே அவை. ஒரு டோர்ச்சும் ஒரு கரண்டியும் இரண்டு நிமிடமும் போதும். ஒழுகும் மூக்கும் இருமலும் உள்ள பிள்ளைக்குத் தொண்டைப் பரிசோதனையும் வேண்டாம், நுண்ணுயிர்க்கொல்லியும் வேண்டாம்.

ஆயினும் கண்ணால் பார்த்தே நிச்சயிப்பேன் என்பதும் அகந்தையே. நான்கு குறிகளும் இருந்தாலும் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கே இக்கிருமி இருக்கும். குறிகள் விலக்குவதற்கு உதவும். உறுதிப்படுத்துவதற்குப் பரிசோதனை வேண்டும். வளர்ப்புப் பரிசோதனைக்கு ஓரிரு நாட்கள் செல்லும். துரித பரிசோதனைப் பட்டியோ பத்து நிமிடத்தில் விடை தரும்.

இங்கே வசதியின்மை என்ற வாதம் உடைகிறது. 186,000 இற்கும் அதிகமானோர் டெங்குவால் பாதிக்கப்பட்ட 2017ஐ நினைவுகூருங்கள். இன்றும் காய்ச்சல் என்றதும் வெள்ளவத்தைப் பெற்றோர் இரத்தப் பரிசோதனைக்கு ஓடுகின்றனர். தனியார் ஆய்வுகூடங்கள் அதற்கு அறவிடக்கூடிய உச்ச விலையை அரசாங்கமே வர்த்தமானியில் விதித்தது. டெங்குவுக்கு இயன்றது தொண்டைக்கு ஏன் இயலாது? டெங்கு சில நாட்களில் கொல்லும், செய்தியாகும். வால்வு பழுதாக ஆண்டுகள் செல்லும், எவரும் எழுதுவதில்லை. பத்திரிகைத் தொழிலில் இருந்த நானும் இக்குற்றத்தில் பங்காளியே.

கேட்பது பெரிதன்று. களுபோவில போதனா வைத்தியசாலை, பொரளை சிறுவர் வைத்தியசாலை போன்றவற்றின் வெளிநோயாளர் பிரிவுகளில் குறிகள் பொருந்தும் பிள்ளைகளுக்கேனும் துரித பரிசோதனை கிடைக்க வேண்டும். தனியார் துறையில் அதற்கும் உச்ச விலை வேண்டும். பரிசோதனை இல்லாத இடத்தில், குறிகள் பொருந்தினால் பத்து நாள் மருந்தும் அதற்கான காரணமும் துண்டில் எழுதப்பட வேண்டும். துண்டின்றி நுண்ணுயிர்க்கொல்லி விற்கும் பார்மசிகளைச் சட்டம் உண்மையாகவே தொட வேண்டும்.

பெற்றோரும் மாற வேண்டும். அன்ரிபயோட்டிக் எழுதாத வைத்தியரைக் கெட்டித்தனம் போதாதவர் என்று வேறிடம் தேடிப் போகிறவர்கள் நாமே. அடுத்த முறை பிள்ளையைக் கொண்டுசெல்லும்போது, "டொக்டர், தொண்டையைப் பார்த்தீர்களா?" என்று மரியாதையுடன் கேளுங்கள். சினந்து கொள்பவரிடம் மறுமுறை செல்ல வேண்டியதில்லை.