வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே எரியும் லைட்: கண்ணாடி அலுவலகங்களில் கரன்ட் எங்கே போகிறது?

சென்னை ஓ.எம்.ஆர் பக்கம் மதியம் 3 மணிக்கு ஏதாவது ஒரு ஐடி கட்டடத்துக்குள் போய்ப் பாருங்கள். சுவர் முழுக்கக் கண்ணாடி. ஆனால் திரைகள் இறக்கப்பட்டிருக்கும், எல்லா லைட்டும் எரியும், ஏசி முழு வேகத்தில் ஓடும். வெளிச்சத்துக்காகத்தானே கண்ணாடி வச்சாங்க?

சிக்கல் என்னன்னா, வெளிச்சத்தோடு சூடும் சேர்ந்தே வருகிறது. சாதாரண ஒற்றைக் கண்ணாடி, தன் மேல் விழும் வெயிலின் வெப்பத்தில் சுமார் 80 சதவீதத்தை உள்ளே விட்டுவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஏறினால் தெரியுமே, அதே கதைதான்.

திரை போட்டால் போதாதா?

கண் கூசுவது குறையும். ஆனால் உள்பக்கத் திரையைத் தொடும்போதே வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டது. சூடான திரை அறைக்குள்தான் சூட்டை விடும். வெளிர் நிறத் திரை என்றால் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். கண்ணாடிக்கு வெளியே நிழல் விழுந்தால்தான் ஏசிக்கு வேலை குறையும். நம்ம வீட்டு சன்ஷேடும் மூங்கில் தட்டியும் செய்வது இதைத்தான்.

தெற்கு ஜன்னலுக்கு மேலே நீட்டிய சன்ஷேடு போதும். கிழக்கிலும் மேற்கிலும் வெயில் சாய்ந்து வருவதால் அங்கே செங்குத்துத் தடுப்புகள் வேண்டும், இல்லையென்றால் கண்ணாடியையே குறைக்க வேண்டும். சென்னையில் இன்னொன்றும் இருக்கு. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். 'வடக்கு ஜன்னல்னா வெயிலே வராது' என்று குளிர்நாட்டுக் கணக்கில் போட்ட பிளான் அக்னி நட்சத்திரத்தில் காலை வாரிவிடும்.

விதி என்ன சொல்கிறது?

மத்திய அரசின் எரிசக்தி சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு (இசிபிசி 2017), வெளிச்சுவரில் ஜன்னல் பரப்புக்கு 40 சதவீத வரம்பு வைத்தது. மொத்த மின்தேவை குறைவு என்று கணக்குக் காட்டினால் அதைத் தாண்டவும் வழி உண்டு. கண்ணாடிப் பெட்டிகள் நின்றுபோகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

வெயிலைத் தடுத்தாச்சு, வெளிச்சம்? ஜன்னலின் மேல்விளிம்பு இருக்கும் உயரத்தைப் போல சுமார் 2 மடங்கு தூரம் வரைதான் அது நன்றாக எட்டும். 3 மீட்டர் உயரம் என்றால் 6 மீட்டர். அந்த வரிசை லைட்டுகளுக்குத் தனி சுவிட்சோ, வெளிச்சத்தைப் பார்த்துத் தானே மங்கும் சென்சாரோ இல்லையென்றால் ஒரு யூனிட்கூட மிச்சமாகாது. எல்இடி வந்தபிறகு லைட்டுக்கான செலவு குறைந்துவிட்டதால், பெரிய லாபம் ஏசி பக்கம்தான்.

இதெல்லாம் தெரிந்தும் ஏன் மாறவில்லை? கண்ணாடியைத் தேர்ந்தெடுப்பவர் பில்டர். மாதாமாதம் ஏசி பில் கட்டுவது வாடகைக்கு வந்த கம்பெனி.