மாலைக்கும் அளவுண்டு



தலைவருக்கு மாலை சூட்டுகிறோம், மேடை அமைக்கிறோம், வாழ்க என்று வான்முட்ட முழங்குகிறோம். அன்பின் மிகுதியால் செய்கிறோம், அதில் பிழையில்லை. ஆனால் அந்த அன்பு எந்த எல்லையைத் தாண்டினால் நாட்டுக்குக் கேடாகும்? இவ்வினாவை எழுப்பியவர் மாற்றார் எவருமல்லர். நாம் மாலை சூட்டி மகிழும் டாக்டர் அம்பேத்கரே எழுப்பினார்.

1949 நவம்பர் 25. அரசியலமைப்பை அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொள்வதற்கு முதல்நாள். 2 ஆண்டு, 11 திங்கள், 17 நாள் நடைபெற்ற பெரும்பணி நிறைவுறும் வேளை. வரைவுக் குழுவின் தலைவர் எழுந்தார். வெற்றி முரசு கொட்டியிருக்கலாம். அவரோ எச்சரிக்கை மணி அடித்தார். எத்துணைப் பேராளராயினும் ஒரு மனிதரின் காலடியில் உரிமைகளை வைத்துவிடாதீர் என்றார். சமயத்தில் பக்தி வீடுபேற்றுக்கு வழியாகலாம். அரசியலில் அது வீழ்ச்சிக்கும், ஈற்றில் சர்வாதிகாரத்துக்கும் வழி என்றார்.

ஏன் அத்துணைக் கடுமை? அவர் நாடு என்பதற்குக் கண்ட பொருளை நினைத்துப் பாருங்கள். எல்லைக்கோடு வரைந்தால் நாடாகிவிடுமா? கொடி ஏற்றினால் நாடாகிவிடுமா? ஆயிரமாயிரம் சாதிகளாய்ப் பிளவுண்ட மக்கள் ஒரே தேசமாகிவிட்டனர் என்று எண்ணுவது பெருமயக்கம் என்றார் அவர். தேசம் இனிமேல்தான் ஆக்கப்பட வேண்டும். அதை ஆக்கும் பசை உடன்பிறப்புணர்வு. ஒருவன் நிமிர்ந்து நிற்க, மற்றொருவன் அவன் காலில் விழுந்து கிடக்கும் இடத்தில் உடன்பிறப்புணர்வு எங்ஙனம் முளைக்கும்? சாதி கற்பித்த குனிவைக் கட்சியும் கற்பிக்கலாமா?

எச்சரிக்கை வீண்போகவில்லை, வேதனை என்னவெனில், அது பலித்தது! 1975 ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்டது. தலைவியே நாடு, நாடே தலைவி என்று ஆளுங்கட்சியின் தலைவரே முழங்கிய காலம் அது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில். ஏடுகள் தணிக்கையின் பிடியில். 1977 மார்ச்சுத் தேர்தலில் மக்கள் அளித்த தீர்ப்பே மீண்டும் கதவைத் திறந்தது. சட்டநூல் அலமாரியில் இருந்தது. அதைக் காக்க வேண்டிய முதுகெலும்புதான் பலரிடம் இல்லாமற்போயிற்று!

நல்லாட்சிக்கும் அவர் இலக்கணம் வகுத்தார். 1952 டிசம்பரில் புனேயில் பேசியபோது, ஜனநாயகம் தழைக்க வேண்டிய நிலைமைகளை அடுக்கினார். சமுதாயத்தில் கொடிய ஏற்றத்தாழ்வு கூடாது. வலிவுள்ள எதிர்க்கட்சி வேண்டும். சட்டத்திலும் நிர்வாகத்திலும் அனைவரும் சமமாக நடத்தப்பட வேண்டும். எதிர்க்கட்சித் தலைவருக்கு அரசே ஊதியம் வழங்கும் பிரிட்டனின் முறையை அன்று அவர் எடுத்துக்காட்டினார். நமது நாடாளுமன்றம் அதற்குச் சட்டம் செய்தது 1977இல். கால் நூற்றாண்டு தேவைப்பட்டது, கேள்வி கேட்பவரும் ஆட்சிமுறையின் ஓர் உறுப்பே என்று ஒப்புக்கொள்ள!

சொன்னவர் வாழ்ந்தும் காட்டினார். இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா முடங்கியதும், 1951இல் அமைச்சர் பதவியைத் துறந்தார். அரசியலமைப்பைச் செதுக்கிய அவரே, அது தந்த முதல் பொதுத்தேர்தலில் பம்பாயில் தோற்றார். பின்னர் மாநிலங்களவையில் அமர்ந்து வாதாடினார். ஆனால் இன்று நாம் செய்வதென்ன? அவருக்கும் சிலை வைத்து, அவர் சொல்லை மட்டும் சிலையின் அடியிலேயே புதைத்துவிட்டோம்!

கேள்வி கேட்டால் கட்டுப்பாடு குலையாதா எனச் சிலர் வினவக்கூடும். கட்டுப்பாடு வேறு, கைகட்டி நிற்றல் வேறு. முடிவெடுக்கும் முன் வாதாடுவதும், எடுத்தபின் இணைந்து உழைப்பதும் கட்டுப்பாடு. வாதமே இன்றித் தலையாட்டுவது அடிமைத்தனம்.

ஆகவே தோழர்களே, மாற்றார் முகாமை நோக்கி மட்டும் இதை நான் எழுதவில்லை. நம் பாசறையை நோக்கியும் எழுதுகிறேன். அடுத்த கிளைக் கூட்டத்தில் ஓர் இளைஞன் எழுந்து, இந்த முடிவு சரிதானா என்று கேட்டால், துரோகி என்று தூற்றாதீர்கள். அவனுக்கு விடை சொல்லுங்கள். விடை இல்லையேல் முடிவைத் திருத்துங்கள். தலைவரின் கழுத்துக்கு மாலை போதும். நம் தலை நம் தோள்மீதே நிமிர்ந்து இருக்கட்டும்!