பத்திரிகை அடிச்சாச்சு, இனி என்ன பண்றது?

எங்க அம்மாச்சி வீட்டுல ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கு. மூடியில ஒரு வெள்ளைக்கார மாப்பிள்ளை. பக்கத்துல தலையை லேசா சாய்ச்சு, வெட்கத்தோட சிரிக்கிற ஒரு பொண்ணு. கீழே 1981ன்னு போட்டிருக்கும். அம்மாச்சி கொடைக்கானல்ல ஒரு பங்களாவுல சமையல் வேலை பார்த்தப்போ, அந்த வீட்டம்மா ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்துட்டுப் போனது. பிஸ்கட் தீர்ந்து நாற்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்போ உள்ள பட்டன், ஊசி நூல், ரேஷன் கார்டு.

போன செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். எங்க அக்காவுக்கு ஜாதகம் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. பத்துப் பொருத்தத்துல எட்டு இருக்குன்னு எல்லாருக்கும் சந்தோஷம். அக்கா மட்டும் வாயைத் திறக்கல. அம்மாச்சி ரேஷன் கார்டை எடுக்க டப்பாவைத் திறந்தவங்க, மூடியைப் பார்த்துட்டு சாதாரணமா ஒண்ணு சொன்னாங்க: "எல்லாப் பொருத்தமும் பாத்துத்தானப்பா இந்தப் புள்ளயையும் கட்டி வச்சாங்க."

அந்தப் புள்ள, டயானா. நம்ம பேட்ச் பிறக்கிறதுக்கு முன்னாடியே செத்துப்போன இளவரசி. நமக்கு அவங்களைத் தெரிஞ்சது நெட்ஃபிளிக்ஸ் வழியாவும் இன்ஸ்டா ரீல்ஸ் வழியாவும்தான். "பாவம், லவ் ஃபெயிலியர்" என்ற அளவில்தான் நம்மில் பலருக்கும் அந்தக் கதை மனசுல நிக்குது. அம்மாச்சி சொன்னதுக்கு அப்புறம் அந்தக் கதையைத் திரும்பப் படிச்சேன். அது லவ் ஃபெயிலியரே இல்லை. நம்ம ஊர்ல தினமும் நடக்கிற கதை.

கொஞ்சம் பொறுமையாப் படிங்க, சொல்றேன்.

சார்லஸுக்கு 32 வயது. அடுத்த ராஜா. அவர் மனசுல இருந்தது கமில்லா. ஆனா அரண்மனைக் கணக்குல கமில்லா "பொருத்தமான பொண்ணு" இல்லை. கமில்லா 1973இல் வேற ஒருத்தரைக் கட்டிக்கிட்டாங்க. இளவரசருக்கு வயசு ஏறிக்கிட்டே போகுது, சீக்கிரம் ஒரு பொண்ணு வேணும். என்னென்ன பார்த்தாங்க தெரியுமா? நல்ல பிரபுக் குடும்பமா இருக்கணும். மதம் சரியா இருக்கணும். கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டினால் அன்றைய சட்டப்படி அரியணையே கிடையாது. பழைய காதல், கீதல் எதுவும் இருக்கக்கூடாது. போதாக்குறைக்கு 1772இல் போட்ட ஒரு சட்டப்படி ராணியின் சம்மதமும் வேணும். பேப்பர்ல வர்ற மணமகள் தேவை விளம்பரத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? இவங்க விளம்பரம் கொடுக்கல, அவ்வளவுதான்.

டயானா எல்லாத்துலயும் பாஸ். ஸ்பென்சர் பிரபு வீட்டுப் பெண். லண்டனில் ஒரு மழலையர் பள்ளியில் உதவியாளரா வேலை. வயது 19. 1981 பிப்ரவரி 24இல் நிச்சயம் அறிவிச்சாங்க. அன்னைக்கே டிவி பேட்டியில நீங்க காதலிக்கிறீங்களான்னு கேட்டதுக்கு டயானா தயங்காம ஆமான்னாங்க. சார்லஸோ, காதல்னா என்ன அர்த்தமோ அப்படிங்கிற மாதிரி ஒரு பதில் சொன்னார். கேமரா முன்னாடியே!

அஞ்சு மாசத்துல, ஜூலை 29ஆம் தேதி லண்டன் செயின்ட் பால் தேவாலயத்துல கல்யாணம். உலகம் முழுக்க சுமார் 75 கோடிப் பேர் டிவியில பார்த்ததாச் சொல்வாங்க. ஆனா கல்யாணத்துக்குச் சில நாள் முன்னாடி டயானாவுக்குப் பயம் வந்திருக்கு. தன் அக்காக்கள்கிட்ட, இது வேண்டாம்னு தோணுதுன்னு சொல்லியிருக்காங்க. அவங்க சிரிச்சுக்கிட்டே, உன் மூஞ்சியைத் துண்டுல எல்லாம் அச்சடிச்சுட்டாங்க, இனிமே பின்வாங்க முடியாதுன்னு சொன்னாங்களாம். டயானா தானே பேசிப் பதிவு செய்து ரகசியமாக் கொடுத்த கேசட்டுகளை வச்சு 1992இல் ஆண்ட்ரூ மார்ட்டன் எழுதின புத்தகத்துல இது வருது.

இதைப் படிச்சதும் எனக்கு அந்த பிஸ்கட் டப்பாதான் ஞாபகம் வந்துச்சு. அந்தப் படம் அச்சாகி, டப்பா கடைக்கு வந்துட்டதாலேயே ஒரு பொண்ணு "வேண்டாம்"னு சொல்ல முடியல. நம்ம பாஷையில சொன்னா, "பத்திரிகை அடிச்சாச்சு, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு."

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். ரெண்டு பிள்ளைங்க, 1982இல் வில்லியம், 1984இல் ஹாரி. வெளியே கையசைப்பு, உள்ளே அழுகை. சாப்பிட்டதை எல்லாம் வாந்தியெடுக்கிற நோயோட வருஷக்கணக்கா போராடினதை அவங்களே பின்னால சொன்னாங்க. 1992 பிப்ரவரியில இந்தியா வந்தப்போ தாஜ்மகால் முன்னாடி தனியா உட்கார்ந்திருந்த அந்தப் படம் இன்னும் சுத்துது. அந்த வருஷம் டிசம்பர்ல பிரிவு. 1996 ஆகஸ்ட் 28இல் விவாகரத்து. "ஹெர் ராயல் ஹைனஸ்" என்ற பட்டத்தையும் எடுத்துட்டாங்க. ஒரு வருஷம் கழிச்சு, 1997 ஆகஸ்ட் 31இல், பாரிஸில் கார் விபத்து. வயது 36.

ஆனா அந்தப் பெண்ணை ஒரு சோகப் படமா மட்டும் பார்க்கிறதும் தப்பு. 1987இல், எய்ட்ஸ் நோயாளியைத் தொட்டாலே ஒட்டிக்கும்னு படிச்சவங்களே நம்பின காலத்துல, லண்டன் மருத்துவமனையில கையுறை போடாம ஒரு நோயாளியோட கைகுலுக்கினாங்க. செத்துப்போன வருஷம் ஜனவரியில அங்கோலாவுல கண்ணிவெடி புதைச்ச நிலத்துல நடந்து போனாங்க. கண்ணிவெடித் தடை ஒப்பந்தம் அந்த டிசம்பரிலேயே கையெழுத்தாச்சு. ஜனங்க நேசிச்சது இந்தப் பெண்ணைத்தான். அரண்மனை பார்த்த பொருத்தப் பட்டியல்ல இதுக்கெல்லாம் இடமே இல்லை.

சரி, இதுக்கு நேர் எதிரா ஒரு கதை இருக்கு. அதுக்கு லண்டன் வரைக்கும் போக வேண்டாம்.

கொடைக்கானல் டூர் வந்தவங்க குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குக் கட்டாயம் போயிருப்பீங்க. மேகம் இல்லாத நாள்ல அங்கிருந்து கீழே பழனி மலை தெரியும். அந்தக் கோயிலை 1936இல் கட்டினது ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனைக் கல்யாணம் பண்ணி, இந்துவா மாறி, லீலாவதின்னு பேரும் வச்சுக்கிட்டவங்க. பொருத்தம்னு பார்த்தா எதுவுமே இல்லாத கல்யாணம். ஆனா அந்தம்மாவுக்குத் தமிழர் வீடு சொந்த வீடாச்சு.

அதே காலத்துல இன்னொரு பெண்ணுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மோலி ஃபிங்க். மெல்போர்ன்காரங்க. புதுக்கோட்டை சமஸ்தான ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆஸ்திரேலியா போனப்போ ரெண்டு பேரும் சந்திச்சாங்க. 1915 ஆகஸ்ட்ல மெல்போர்ன்லயே பதிவுத் திருமணம். ராஜாவுக்கு 39 வயது, மோலிக்கு அதுல பாதிதான் இருக்கும். கல்யாணம் முடிஞ்சு புதுக்கோட்டைக்கு வந்தாங்க.

பிரிட்டிஷ் அரசு அந்தக் கல்யாணத்தை ஏத்துக்கல. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி இந்திய ராஜாவுக்கு ராணியா இருக்கிறது அவங்க கணக்குல சரிப்படாது. "ஹைனஸ்" பட்டம் கிடையாது, பிறக்கிற பிள்ளைக்கு வாரிசு உரிமை கிடையாது. மோலி கர்ப்பமா இருந்தப்போ சாப்பாட்டுல அரளி விஷம் கலந்ததா அவங்க வாழ்க்கையை எழுதினவங்க சொல்றாங்க. சில மாசம்தான் தாங்க முடிஞ்சது. ரெண்டு பேரும் ஆஸ்திரேலியாவுக்கே திரும்பிட்டாங்க. 1916இல் சிட்னியில மகன் பிறந்தான். 1922இல் ராஜா ஆட்சிப் பொறுப்பைத் தன் அண்ணன் ரகுநாதப் பல்லவராயர்கிட்ட விட்டுக்கொடுத்து, பிரான்ஸ்ல குடும்பத்தோட இருந்துட்டார். 1928இல் அவர் இறந்ததும் பாரிஸிலதான். அரியணை மகனுக்குப் போகல. ராஜகோபாலத் தொண்டைமான் என்ற ஆறு வயசுப் பையனுக்குப் போச்சு. மோலி 1967 வரைக்கும் உயிரோட இருந்தாங்க.

ரெண்டு கதையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. டயானாவுக்கு ஊர் உலகமே சம்மதம். மோலிக்கு ஒரு சாம்ராஜ்யமே எதிர்ப்பு. டயானா கல்யாணம் பதினோரு வருஷத்துல உடைஞ்சது. மோலி கல்யாணம் ராஜா கண் மூடுற வரைக்கும் நின்னது.

"அப்போ லவ் மேரேஜ்தான் பெஸ்ட்னு சொல்ல வர்றியா?"ன்னு கேட்பீங்க. இல்லை. மோலி கதையிலும் உறுத்துற விஷயம் இருக்கு. ராஜா வெளிநாட்டுல நல்லா வாழ்ந்த பணம் புதுக்கோட்டை ஜனங்க கட்டின வரிதான். அது ஒண்ணும் தேவதைக் கதை இல்லை. லவ் மேரேஜ்ல கஷ்டப்படுறவங்களையும், பார்த்து வச்ச கல்யாணத்துல சந்தோஷமா இருக்கிறவங்களையும் நம்ம எல்லார் வீட்டுலயும் பார்க்கலாம். எங்க அப்பா அம்மாவே பார்த்து வச்ச ஜோடிதான்.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. பொருத்தத்தை யார் வேணா பார்க்கட்டும். சம்மதம் அந்த ரெண்டு பேருடையது. அதுக்குப் பதிலா வேற யாரும் தலையாட்ட முடியாது. டயானாகிட்ட யாரும் நிஜமாக் கேட்கல. மோலியும் ராஜாவும் தங்களுக்குள்ள கேட்டுக்கிட்டாங்க. ஆனா மத்தவங்க, எங்களைக் கேட்கலையேன்னு தண்டிச்சாங்க.

ராஜாவுக்குப் பிரான்ஸ் போக வசதி இருந்துச்சு. வசதி இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க?

குறிஞ்சி ஆண்டவர் கோயில்ல நின்னு பார்த்தா கீழே தெரியுதே அந்தப் பழனி, அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்துல உடுமலைப்பேட்டை. பழனியைச் சேர்ந்த கௌசல்யாவும் உடுமலை பக்கத்துக் கிராமத்துச் சங்கரும் பொள்ளாச்சியில ஒரே பொறியியல் கல்லூரியில படிச்சவங்க. நம்மளை மாதிரியே அரியர், இன்டெர்னல், பஸ் பாஸ்னு ஓடினவங்க. சாதி வேற. 2015இல் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. 2016 மார்ச் 13ஆம் தேதி, பட்டப்பகல்ல, உடுமலை பஸ் ஸ்டாண்டு பக்கத்துல, எல்லாரும் பார்க்கச் சங்கரை வெட்டிக் கொன்னாங்க. கௌசல்யாவுக்கும் வெட்டு. அந்த சிசிடிவி வீடியோவை நம்மில் நிறைய பேர் ஃபார்வர்டு பண்ணியிருக்கோம். பார்த்துட்டு லேபுக்குப் போயிருக்கோம்.

1915இல் சாம்ராஜ்யம் பட்டத்தைக் கொடுக்கல. 2016இல் உயிரையே எடுத்தாங்க. ரெண்டுலயும் கோபம் ஒண்ணுதான்: எங்களைக் கேட்காம எப்படி?

அதனால என்னை மாதிரி, உங்களை மாதிரி இருக்கிறவங்களுக்குச் சில விஷயம்.

ஒண்ணு, சட்டத்தைத் தெரிஞ்சு வச்சுக்கோங்க. 2018 மார்ச் 27இல் உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிடுச்சு: வயது வந்த ரெண்டு பேர் சம்மதிச்சாப் போதும், குடும்பமோ சாதியோ ஊரோ சம்மதிக்கணும்னு அவசியம் இல்லை. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. சிறப்புத் திருமணச் சட்டத்துல 30 நாள் நோட்டீஸ் உண்டு. அண்ணா ஆட்சியில கொண்டுவந்த திருத்தத்தால சுயமரியாதைத் திருமணமும் இங்க செல்லும். மிரட்டல் இருந்தாப் போலீஸ்ல எழுத்துல கொடுங்க. பெண்களுக்கு 181 இருக்கு.

ரெண்டு, வீட்டுல அக்காவுக்கோ தங்கச்சிக்கோ வரன் பார்க்கிறாங்களா? நீங்க ஒருத்தராவது தனியாக் கூப்பிட்டு, "உனக்குப் பிடிச்சிருக்கா?"ன்னு கேளுங்க. அவங்க பேசாம இருந்தா அதைச் சம்மதம்னு எழுதிக்காதீங்க. தம்பி, அண்ணன்களையும்தான் சொல்றேன். சார்லஸ்கிட்டயும் யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.

மூணாவது, ரொம்ப முக்கியம். ஒருத்தர் கடைசி நிமிஷத்துல "வேண்டாம்"னு சொன்னா, கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் கழிச்சு "முடியல"ன்னு வந்து நின்னா, பத்திரிகையையும் மண்டபத்தையும் அவங்க முன்னாடி எடுத்துப் போடாதீங்க. அட்வான்ஸ் போனாப் போகட்டும். ஊர் பேசினா ரெண்டு மாசம் பேசும்.

அன்னைக்கு ராத்திரி அக்காகிட்ட நான் கேட்டேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தா. அப்புறம், "அந்தப் பையன்கிட்ட ஒருவாட்டி பேசிப் பார்க்கணும், அவ்வளவுதான்டா. அதைக்கூட யாரும் சொல்லல"ன்னா. மறுநாள் காலையில அம்மாச்சிதான் அப்பாகிட்ட பேசினாங்க. அப்பா மொதல்ல முறைச்சார், அப்புறம் நம்பர் வாங்கிக் கொடுத்தார். ரெண்டு பேரும் இப்போ பேசிக்கிட்டு இருக்காங்க. சரிவருமா, வராதான்னு அக்காவே சொல்லட்டும்.

பத்திரிகை இன்னும் அடிக்கல.